குசினியில் உண்ண மறுத்த ஆட்டக்காரர்

பந்தாட்டங்களுள் நம்மவர்க்கு மிகவும் அயலானது யாதென வினவின், கோல்ப் என்னும் ஆட்டத்தையே கூறல் வேண்டும். கிரிக்கெட்டு நம் ஊர்த் தெருக்களிலெல்லாம் புகுந்துவிட்டது. காற்பந்து அதற்கு முன்னரே புகுந்தது. ஹாக்கியில் நம் நாட்டார் உலகத்தையே வென்று காட்டினர். கோல்ப் மட்டும் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. சென்னையிலும், நீலகிரியில் உதகையிலும், பழனிமலையிற் கோடைக்கானலிலும் அதற்குரிய பசும்புல் வெளிகள் உண்டு. ஆயினும், நம்முட் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே நின்று நோக்கியதன்றி உட்சென்று ஆடினாரல்லர். எங்கள் சவ்வாது மலைக் காவலூரிலோ வேலியுமில்லை, வெளியுமில்லை. அமெரிக்க விண்வெளி வீரராகிய ஆலன் செப்பர்டு 1971ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் சந்திரன்மேல் இறங்கியபோது, தாம் கொண்டுசென்ற கோல்ப் பந்துகள் இரண்டினை அங்கே அடித்துவிட்டு மீண்டார். அவற்றை எங்கள் காவலூர் வானாய்வு நிலையத்திலிருந்து காணலாகுமோ எனின், 1986ஆம் ஆண்டு அங்கு நாட்டுக்கு அர்ப்பணஞ் செய்யப்பட்ட 234 செண்டிமீட்டர்ப் பெருந்தொலைநோக்கிக்கும் அத்துணைச் சிறு பொருள் புலப்படாது. காவலூருக்கும் கோல்ப் ஆட்டத்திற்கும் உள்ள உறவு இவ்வளவே.

அங்ஙனமாயின், அவ்வாட்டக்காரர் ஒருவரைப்பற்றி இம்மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் வினவலாம். ஆட்டம் அயலாயினும், அவர் வாழ்க்கையில் நிகழ்ந்ததொன்று நமக்கு அயலன்று. பந்தியில் எவரை அமர்த்துவது, எவரைக் கொல்லைப்புறத்திற்கு அனுப்புவது என்னும் வழக்கை நாம் நன்கறிவோம். அவ்வழக்கு மேனாட்டிலும் இருந்தது. அதனை ஒரு நண்பகலில் எதிர்த்து நின்றவர் வில்லி ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர். (ஆண்டர்சன் என்றவுடன், 1837ஆம் ஆண்டு சென்னையிற் பள்ளி நிறுவிய ஜான் ஆண்டர்சன் பாதிரியாரை நம் நண்பர் சிலர் நினைப்பர். அவர் வேறு, இவர் வேறு. நாடு ஒன்றே.)

ஆட்டத்தின் இயல்பை முதற்கண் சுருங்கக் கூறுவல். பரந்ததொரு வெளியிற் பதினெட்டுச் சிறு குழிகள் ஒன்றற்கொன்று தொலைவாக அமைந்திருக்கும். ஆடுவோன் நெல்லிக்காயினுஞ் சற்றே பெரிய வெண்பந்தொன்றைக் கோலினால் அடித்து அடித்துக் கொண்டு சென்று, முறையே ஒவ்வொரு குழியிலும் வீழ்த்துவான். எல்லாக் குழிகளுக்கும் எத்தனை அடி செலவாயின என்று கூட்டி நோக்கி, குறைந்த கணக்குடையவனை வென்றவன் என்பர். ஏனைய ஆட்டங்களில் எண் மிகுந்தவனுக்கு வெற்றி. இதிலோ சிக்கனமாய்ச் செலவிட்டவனுக்கு வெற்றி. ஸ்காட்லாந்தியர் சிக்கனத்திற் பெயர் பெற்றவர் ஆதலின் அவர் நாட்டில் இவ்வாட்டம் தழைத்தது என்று வேடிக்கையாகக் கூறுவாருமுளர். கோலால் ஆடுவது பற்றிக் கோல்ப் எனப்பட்டது என்று நம் வகுப்பிற் சொல்லாராய்ச்சி செய்வார் யாரேனும் எழுந்தால், அவ்வொற்றுமை தற்செயலானது என்று முன்னரே கூறிவைக்கின்றேன்.

ஸ்காட்லாந்திற் கடற்கரையை அடுத்த மணற்புல் வெளிகள் பல ஊர்ப்பொதுவாக இருந்தன. ஆடு மேய்தலும், மீன்வலை உலர்த்தலும், கோல்ப் ஆடலும் ஒரே வெளியில் நிகழும். விற்பயிற்சியைக் கெடுக்கின்றது என்று 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடுத்தது. தடை நிலைத்ததில்லை. காலப்போக்கிற் பொருளுடையோர் கழகங்கள் அமைத்து ஆடலாயினர். அவர்களுக்குக் கோல் செய்து கொடுக்கவும், புல்வெளியைப் பேணவும், ஆட்டம் பயிற்றவும், பையைச் சுமக்கவும் ஏழை மக்கள் வேண்டப்பட்டனர். இவ்வேலைகளிலிருந்தே கோல்ப் தொழிலாட்டக்காரர் என்னும் வகுப்பார் தோன்றினர். பை சுமப்போனை ஆங்கிலத்திற் கேடி என்பர். நண்பர்கள் அச்சொல்லுக்குக் காவல் நிலையத்துப் பதிவேட்டிலுள்ள பொருளைக் கொள்ளாதிருப்பாராக. பொருட்டெளிவு கருதிப் பைசுமப்போன் என்றே இக்கட்டுரையில் எழுதுவேன்.

வில்லி ஆண்டர்சன் 1879ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், எடின்பரோவுக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள நார்த் பெரிக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மேற்கு வெளியின் புற்றரையைப் பேணும் தலைமை வேலையாள். மகன் பதினோராம் வயதிலேயே பதிவு பெற்ற பைசுமப்போன் ஆனான். பள்ளி நீங்கியபின் அருகிலுள்ள கல்லன் என்னும் ஊரிற் கோல் செய்வார் ஒருவரிடம் தொழில் பயின்றான். ஹிக்கரி என்னும் மரத்தின் கம்பை இழைத்துச் சீவி, கையின் வலிமைக்கு ஏற்ப வளையும் பதம் பார்த்து, தலையைப் பொருத்திக் கயிறு சுற்றிக் கட்டுவது அத்தொழில். நம் ஊர்த் தச்சர் ஏர்க்காலுக்கு மரம் பார்ப்பது போன்ற நுண்ணறிவு அதற்கு வேண்டும். தான் ஆடும் கோலைத் தானே இழைக்க வல்லவன் என்பதே அக்காலத்துத் தொழிலாட்டக்காரனுக்குப் பெருமை.

அந்நாளில் அமெரிக்காவிற் கோல்ப் வெறி மூண்டது. அங்குள்ள பழைய கழகங்களுள் ஒன்று, ஸ்காட்லாந்திற் பிறந்து அங்குக் குடியேறிய ஜான் ரீடு என்பவரும் அவர் நண்பரும் 1888ஆம் ஆண்டு நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் என்னும் ஊரில் அமைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், அஃதாவது 1900ஆம் ஆண்டளவில், அந்நாட்டில் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆட்டவெளிகள் எழுந்துவிட்டன. செல்வர் பலருக்கு ஆட்டத்தில் ஆசை உண்டாயிற்று. ஆடத் தெரிந்தார் இலர். ஆகவே நார்த் பெரிக், கார்னூஸ்டி, செயின்ட் ஆண்ட்ரூஸ் முதலிய சிற்றூர்களின் இளைஞர்க்குக் கப்பல் வழி திறந்தது. கார்னூஸ்டி ஒன்றிலிருந்தே நூற்றுக்கணக்கானோர் கடல் கடந்தனர் என்ப. நம் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டத்தார் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றது போன்றதே இதுவும். வேறுபாடு யாதெனின், நம்மவர் கையில் மண்வெட்டி இருந்தது. அவர் கையிற் கோல்பை இருந்தது.

1896ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆண்டர்சன் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி நியூயார்க்கு சேர்ந்தார். வயது பதினாறு. ரோடு தீவு மாநிலத்தில் வாட்ச் ஹில் என்னும் கடற்கரையூரில் மிஸ்குவாமிகட்டு என்ற கழகத்தில் வேலை கிடைத்தது. மறு ஆண்டே அமெரிக்க ஓப்பன் என்னும் போட்டிக்குச் சென்றார். ஊதியம் பெறுவோர், பெறாதோர் என்னும் வேறுபாடின்றி இரு திறத்தார்க்கும் திறந்ததாதலின் அப்பெயர் பெற்றது. 1895ஆம் ஆண்டு தொடங்கிய அப்போட்டி, 1897இற் சிக்காகோவை அடுத்த வீட்டன் என்னுமிடத்தில் நடந்தது. முப்பத்தாறு குழிகளை 163 அடியில் முடித்தார் ஆண்டர்சன். ஜோ லாயிடு என்னும் ஆங்கிலேயர் கடைசிக் குழியை மூன்றே அடியில் முடித்து 162 என்று வென்றார். பதினேழு வயதில் ஓரடியில் இழந்த வெற்றி! பின்னர் நான்காண்டு காத்திருக்க நேர்ந்தது.

இங்கே, ஆண்டர்சன் கரையேறிய ஆண்டில் நடந்த மற்றொரு செய்தியைக் கூறாது விடலாகாது. 1896ஆம் ஆண்டு ஓப்பன் போட்டி லாங் தீவில் ஷின்னகாக்கு மலை என்னுமிடத்தில் நடந்தது. அதிற் கலந்துகொள்ள ஜான் ஷிப்பன் என்னும் பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவனும், ஆஸ்கார் பன் என்னும் அமெரிக்கப் பழங்குடி இளைஞனும் முன்வந்தனர். ஷிப்பனின் தந்தையார் அங்குள்ள பழங்குடி மக்களிடையே ஊழியஞ் செய்த பிரஸ்பிட்டேரியன் குரு. அவ்விருவருடன் ஆடமாட்டோம், விலகிக்கொள்வோம் என்று மிரட்டியவர் எவர்? வந்தேறிகளாகிய ஸ்காட்லாந்துத் தொழிலாட்டக்காரரும் ஆங்கிலேயத் தொழிலாட்டக்காரருமே. கோல்ப் சங்கத் தலைவராக இருந்த தியோடர் ஹாவ்மேயர், நீவிர் அனைவீரும் போயினும் அவ்விருவரை மட்டும் வைத்துப் போட்டி நடக்கும் என்று கூறிவிட்டார். உடனே மிரட்டியோர் அடங்கி ஆடினர். ஷிப்பன் முன்வரிசையில் நின்று, பின் ஒரே குழிக்குப் பதினோரடி செலவிட்டு வெற்றியை இழந்தான். ஆண்டர்சன் அப்போட்டியில் இல்லை. அம்மிரட்டலில் அவர்க்குப் பங்குமில்லை. ஆயினும் மிரட்டியோர் அவருடைய தொழிற்குலத்தார். பந்தியின் கடையில் அமர்த்தப்பட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று.

இனி 1901ஆம் ஆண்டுக்கு வருவோம். மாசச்சூசட்ஸ் மாநிலத்தில் மயோப்பியா வேட்டைக் கழகம் என்றொன்று உண்டு. மயோப்பியா என்பது கிட்டப்பார்வைக்கு மருத்துவர் வழங்கும் பெயர். அதனைத் தொடங்கியோரிற் சிலர் கண்ணாடி அணிந்தவராதலின் விளையாட்டாக அப்பெயர் இட்டனர். பாஸ்டன் நகரத்துப் பழங்குடிச் செல்வர் நரிவேட்டைக்குக் குதிரையேறும் இடம் அது. அவ்வாண்டு ஓப்பன் போட்டி அங்கு நடந்தது. ஆட்டக்காரர் பெரும்பாலோர் ஊதியத்திற்கு உழைக்கும் குடியேறிகள். நண்பகலுணவு வேளை வந்தது. விருப்பத்திற்கு ஆடும் கனவான்களுக்குக் கழக மாளிகையிற் சாப்பாடு. தொழிலாட்டக்காரர் குசினிக்குச் சென்று உண்க என்று கட்டளை பிறந்தது.

ஆண்டர்சன் பேச்சுக் குறைந்தவர். முகத்தில் நகை அரிது என்று உடனாடியோர் கூறியுள்ளனர். அன்று அவர் கையிலிருந்த கோலை மெல்ல வீசிக்கொண்டே நின்றாராம். கட்டளை செவியில் வீழ்ந்ததும் வீச்சு வளர்ந்து, மாளிகை முன்னுள்ள அழகிய புற்றரையில் ஓங்கி இறங்கி, மண்ணோடு புல்லைப் பெயர்த்தெறிந்தது. குசினிக்குப் போய் உண்ணமாட்டோம் என்று ஸ்காட்லாந்துக் கொச்சையில் உறுமினார். பெயர்ந்த புல்லே கழகத்தார்க்குப் போதிய விண்ணப்பம் ஆயிற்று. உடனே கூடாரமொன்று எழுப்பப்பட்டு, தொழிலாட்டக்காரர்க்கு அதில் உணவு அளிக்கப்பட்டது.

இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மாளிகையில் இடங் கிடைக்கவில்லை, கூடாரமே கிடைத்தது. ஆகவே இதனை முழு வெற்றி என்று கூறுதல் மிகையாகும். குசினிக்கும் மாளிகைக்கும் இடையே மூன்றாவது இடமொன்று தோன்றியது, அவ்வளவே. ஆயினும் அதனை எளிதென எண்ணற்க. நம் நாட்டில் நாதஸ்வர வித்துவான்கள் மேலாடையை இடையிற் கட்டி நின்றவாறே வாசித்தல் வேண்டும் என்றிருந்த வழக்கத்தைத் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை மறுத்து, மேடைமேல் அமர்ந்து வாசிக்கத் தலைப்பட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு, இச்செய்தியின் எடை விளங்கும். கலையில் வல்லவன் என்று புகழ்வோரே அக்கலைஞனுக்கு இருக்கை தரத் தயங்குவர். புகழ்வது எளிது, அதற்குச் செலவில்லை.

மீண்டும் ஆட்டத்திற்கு வருவோம். எழுபத்திரண்டு குழிகளின் முடிவில் ஆண்டர்சனும் கார்னூஸ்டி ஊரினராகிய அலெக்ஸ் ஸ்மித்தும் 331 என்னும் ஒரே கணக்கில் நின்றனர். அப்போட்டியில் வென்றோர் கணக்குகளுள் இன்றுவரை இதுவே மிகப் பெரிது. அத்துணைக் கடினமான வெளி அது. சமனாயின் மறுநாள் மீண்டும் ஆடல் வேண்டும். மறுநாள் ஞாயிறு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய வெளியில் ஓய்வுநாளென்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டமில்லை. மயோப்பியாவிலும் ஞாயிறன்று இவ்விருவர்க்கும் ஆட்டமில்லை, காரணம் வேறு. அன்று வெளி கழக உறுப்பினர் ஆடுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது! நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் இருவர், உறுப்பினர் தம் பொழுதைப் போக்கி முடிக்கும்வரை காத்திருந்து, திங்களன்று ஆடினர். ஆண்டர்சன் பின்தங்கியிருந்து, இறுதிக் குழிகளில் எட்டிப்பிடித்து, 85க்கு 86 என ஓரடியில் வென்றார். பரிசு 200 டாலர்.

அவ்வெற்றிக்கு அவர் ஆண்ட பந்தினைப்பற்றியும் சில கூறல் வேண்டும். பண்டு கோல்ப் பந்து என்பது தோலுறைக்குள் வாத்திறகைத் திணித்துத் தைத்தது. தேர்ந்த கைவினைஞனும் நாளொன்றுக்குச் சிலவே செய்ய இயலும் ஆதலின் விலை மிகுதி. மழையில் நனைந்தாலோ கெட்டொழியும். 1848ஆம் ஆண்டளவில் மலேயா நாட்டு மரமொன்றின் பாலை உறைய வைத்துச் செய்யும் குட்டா பெர்ச்சாப் பந்து வந்தது. வெந்நீரில் இளக்கி உருட்டினாற் பந்து ஆகிவிடும். ஏழைகளும் வாங்கலாயினர், ஆட்டம் பரவியதற்கு இது பெருங்காரணம். பின்னர் 1898ஆம் ஆண்டில் ஹாஸ்கல் என்னும் அமெரிக்கர் இரப்பர் நூலை இறுகச் சுற்றி உருண்டையாக்கி மேலே உறையிட்டார். அது பழம்பந்தினும் வெகுதூரம் பறந்தது. பிற்காலத்தில் மலேயாத் தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் விடியற்காலையிற் பால் வெட்டி எடுத்த இரப்பரும் இவ்வகைப் பொருளே. குட்டா பெர்ச்சாப் பந்தினாலும் இரப்பர்ப் பந்தினாலும் அமெரிக்க ஓப்பனை வென்றவர் ஆண்டர்சன் ஒருவரே. 1901இல் முன்னது, 1903 முதற் பின்னது. கருவி மாறியபொழுது கைவினைஞர் பலர் திகைத்து நிற்றல் இயல்பு. இவரோ கோலும் பந்தும் எவ்வாறு செய்யப்படுகின்றன என்று விரலால் அறிந்தவர் ஆதலின் திகைத்தாரல்லர் போலும்.

1902ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் நடந்த மேற்றிசை ஓப்பன் போட்டியில் எழுபத்திரண்டு குழிகளை 299 அடியில் முடித்து வென்றார். அமெரிக்காவில் முந்நூற்றுக்குக் கீழ் ஒருவர் முடித்தது அதுவே முதன்முறை. அதன்பின் வந்த மூன்றாண்டுகளில் அமெரிக்க ஓப்பனில் அவரை வெல்வாரிலர். 1903இல் பால்ட்டஸ்ரால் என்னுமிடத்தில் டேவிட் பிரவுனோடு சமனாகி, மறு ஆட்டத்தில் 82க்கு 84 என்று வென்றார். 1904இல் சிக்காகோவை அடுத்த கிளென் வியூவில் 303 என்ற கணக்கில் ஐந்தடி முன்னிட்டு வென்றார். 1905இல் போட்டி மீண்டும் மயோப்பியாவிற்கு வந்தது. நான்காண்டுகட்குமுன் குசினிக்குப் போகச் சொன்ன அதே வெளியில், அதே அலெக்ஸ் ஸ்மித்தை இரண்டடியால் வென்று, 314 என்ற கணக்கில் நான்காம் முறை வாகை சூடினார். அப்போது வயது இருபத்தைந்து.

அமெரிக்க ஓப்பனை நான்கு முறை வென்றவர் இன்றுவரை நால்வரே. ஆண்டர்சன் தவிர ஏனையோர் பாபி ஜோன்ஸ், பென் ஹோகன், ஜாக் நிக்லாஸ் என்போர். ஆனால் மூன்றாண்டு தொடர்ந்து வென்றவர் ஆண்டர்சன் ஒருவரே. 1905க்குப் பின்னர் இரண்டாண்டு தொடர்ந்து வென்றோர் சிலருளர். மூன்றாம் ஆண்டை எவரும் எட்டினாரல்லர்.

இத்துணைப் புகழ் பெற்றவர் எங்ஙனம் வாழ்ந்தார் என்பதை நோக்கினால் வியப்பு உண்டாகும். பதினான்கு ஆண்டுகளிற் பத்துக் கழகங்களில் வேலை மாறினார். வென்றவர்க்குப் பொருள் குவியும் காலம் அன்று அது. பரிசுத்தொகை சில நூறு டாலர்களே. ஆதலாற் காலையில் தொழிற்கூடத்திற் கோல் இழைத்தலும், பகலில் வணிகச் செல்வர்க்குப் பந்தடிக்கக் கற்பித்தலும், பைசுமக்கும் சிறுவரை மேய்த்தலும், ஊரூராய்ச் சென்று காட்சியாட்டம் ஆடுதலுமே தொழிலாட்டக்காரரின் பிழைப்பு. வடபுலத்திற் பனி மூடினால் தென்புலத்தை நோக்கிச் செல்லல் வேண்டும். உழவனுக்காவது ஊர் ஒன்று உண்டு, இவருக்கு அதுவுமில்லை. கழகத்தார் மாற்றினரோ, இவரே மாறினாரோ, காலூன்றிய இடம் ஒன்றில்லை.

1908, 1909ஆம் ஆண்டுகளில் மேற்றிசை ஓப்பனை மீண்டும் வென்று, அப்போட்டியிலும் நான்கு வெற்றிகளை நிறைத்தார். 1910இல் பிலடெல்பியா கிரிக்கெட்டுக் கழகத்திற் பணி ஏற்றார். அவ்வாண்டு அமெரிக்க ஓப்பன் அக்கழகத்து வெளியிலேயே நடந்தது. தம் வீட்டு முற்றம் போன்ற வெளியில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. வென்றவர், முன்னர் இருமுறை இவரிடம் தோற்ற அலெக்ஸ் ஸ்மித்து. உடல்நலம் குன்றியிருந்தும் காட்சியாட்டங்களை அவர் விட்டாரல்லர். இறப்பதற்கு முந்திய சில நாட்களிலும் ஒரு பகலில் முப்பத்தாறு குழி என்னும் நீண்ட ஆட்டங்களை ஆடினார். 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள், முப்பத்தொன்று நிரம்பிய நான்காம் நாளில், உயிர் நீத்தார். இரத்தக்குழாய்கள் தடித்தமையால் இறந்தார் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. குடியினாற் கெட்டார் என்னும் பேச்சும் உண்டு. இறப்புப் பதிவு கூறுவது வலிப்பு நோய் என்பதே. உழைத்து மெலிந்து இறந்தவனைக் குடித்துக் கெட்டான் என்று கூறுவது உலகத்தார்க்கு எளிதாகவே இருக்கின்றது. பிலடெல்பியாவின் ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். 1975ஆம் ஆண்டு உலகக் கோல்ப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஆண்டர்சன் இறந்த மறு ஆண்டே, அமெரிக்க மண்ணிற் பிறந்தவர் முதன்முறையாக அப்போட்டியை வென்றார். ஜான் மெக்டெர்மாட்டு என்னும் அவர்க்கு வயது பத்தொன்பது. எம்மனோர் பரீட்சைக்குச் சூத்திரங்களை உருப்போடும் வயதில் அவர் நாட்டை வென்றார். குடியேறிகள் கற்பித்த பாடம் அந்நாட்டார்க்குக் கைவந்துவிட்டது. ஆயினும் மாளிகைக் கதவு திறக்கப் பின்னும் ஒன்பது ஆண்டு சென்றன. 1920ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்துத் தொலீதோ நகரில் இன்வெர்னெஸ் கழகம் அமெரிக்க ஓப்பனை நடத்தியபோது, தொழிலாட்டக்காரர்க்கு மாளிகைக் கதவைத் திறந்துவிட்டது. அவர்கள் நெகிழ்ந்து, தம்முட் பொருள் திரட்டி, ஆளுயர மணிக்கூடு ஒன்றை வாங்கிக் கழகத்திற்கு நன்றிக் காணிக்கையாக அளித்தனர். ஒரு வேளை உணவுக்கு மேசையருகே அமரவிட்டதற்கு அத்துணைப் பெரிய காணிக்கை! கொடுத்தோரின் பண்பை அது காட்டும். அதுகாறும் அவர் பட்ட சிறுமையையும் காட்டும்.

கதவு திறந்தது வெள்ளையர்க்கே. அமெரிக்கத் தொழிற்கோல்ப் சங்கம் 1934ஆம் ஆண்டு வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி வகுத்து, 1961இலேயே அதனை நீக்கியது. ஜான் ஷிப்பனை விலக்க முயன்ற 1896ஆம் ஆண்டு மனப்பான்மை சட்டமாகி அத்தனை காலம் வாழ்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் நம் இந்தியர் ஒருவர்க்கு நேர்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற இந்தியர் வழிவந்த சிவசங்கர் என்னும் பாப்வா சீகோலம், டர்பன் நகரிற் பைசுமப்போனாகத் தொடங்கியவர். கோலைப் பிடிப்பதில் இடக்கை கீழும் வலக்கை மேலுமாக, உலக வழக்குக்கு மாறாகப் பிடித்தவர். பயிற்றுவார் இன்றித் தானே கற்றான் என்பதற்கு அப்பிடியே சான்று. 1959ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று ஹாலந்து ஓப்பனை வென்று, அடுத்த ஆண்டும் வென்றார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனில் வெள்ளையரை வென்றபோது, இனப்பிரிவினைக் கொள்கையினால் இந்தியர் கழக மாளிகையிற் புகலாகாது என்றிருந்தது. எனவே அவர்க்குரிய பரிசை வெளியே, பெய்யும் மழையில் வழங்கினர். அப்படம் உலகத்துச் செய்தித்தாள்களில் வெளிவந்து அந்நாட்டு ஆட்சியாளரை நாணச் செய்தது. 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையும் அவர் வென்றார். பின்னர் அரசினர் அவரைப் போட்டிகளினின்று விலக்கினர். 1978இல் வறுமையில் மாண்டார். ஆண்டர்சனுக்காவது 1901இற் கூடாரம் கிடைத்தது. அறுபத்திரண்டு ஆண்டு கழித்து இவருக்கு மழையே கிடைத்தது.

நம் நாட்டிற் கோல்ப் புதிதன்று. கல்கத்தாக் கழகம் 1829ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அதனினும் பழைய கோல்ப் கழகம் இல்லை. அவ்வெளிகளில் பைசுமந்த இந்தியச் சிறுவர், துரைமார் போன பின் அந்தி வேளையில், முறிந்த கோலையும் கண்டெடுத்த பந்தையும் கொண்டு ஆடிப் பழகினர். ஆண்டர்சன் நார்த் பெரிக்கிற் பழகியதும் இங்ஙனமே ஆகலாம். இந்திய ஓப்பன் போட்டியை 1965ஆம் ஆண்டு முதன்முதல் வென்ற இந்தியர் பி. ஜி. சேத்தி, அவர் தொழிலாட்டக்காரர் அல்லர். தொழிலாட்டக்காரர் ஒருவர் வெல்ல 1991ஆம் ஆண்டு ஆயிற்று. அவர் டில்லிக் கழகத்திற் பைசுமந்து வளர்ந்த அலி ஷேர். கல்கத்தாக் கழகத்துப் புல் பேணும் வேலையாளின் மகனாகிய சிவசங்கர் பிரசாத் சௌராசியா 2016, 2017 ஆகிய இரண்டாண்டும் தொடர்ந்து வென்றார். தந்தை தொழிலும் மகன் தொழிலும் நார்த் பெரிக்கு வீட்டில் இருந்தவாறே இருத்தல் காண்க. இவருக்கு முன்னர், 2009ஆம் ஆண்டு, அக்கோப்பையைக் கையில் ஏந்தியவர் பெங்களூரிற் பைசுமந்த சின்னசாமி முனியப்பா.